வர்த்தகர் பிரயாணக் கார்டு: உரிமையா, சலுகையா?

அயல்நாடு செல்லும் வர்த்தகர்கள் குடியேற்ற அதிகாரிகளின் முன் நெடுநேரம் காத்து நிற்காமல் தனி வழியாய்ப் பிரவேசிப்பதற்கென்று ஒரு கார்டு வழங்கும் அதிகாரத்தைத் தன் சர்க்காருக்கு அளித்து, அமெரிக்கக் காங்கிரஸ் 2011-ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் நிறைவேற்றிற்று. ஏழு வருஷ ஆயுளே பெற்றிருந்த அந்த ஏற்பாட்டுக்கு 2017-ஆம் வருஷத்துச் சட்டம் நிரந்தர ஆயுள் கொடுத்தது. இரண்டும் சில பக்கங்களில் அடங்கிவிடக்கூடிய சிறிய சட்டங்களே. யுத்தத்தைப் பற்றியவையுமல்ல, வரியைப் பற்றியவையுமல்ல. ஆயினும், ஒரு தேசத்தின் வாசலில் யாரை நிறுத்துவது, யாரை விரைந்து உள்ளே விடுவது, அந்தத் தீர்மானத்தைச் செய்பவர் யார், அவர் தவறு செய்தால் எந்த நியாயஸ்தலத்தில் போய்க் கேட்பது என்னும் பெரிய கேள்விகள் இச்சிறிய சட்டங்களுக்குள் ஒளிந்து கிடக்கின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் 2024 முதல் இத்தகைய விரைவு வாசல்கள் ஏற்பட்டுவிட்டபடியால், அந்தக் கேள்விகள் நமக்கும் உரியவையாகிவிட்டன. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

முதலில் கார்டின் வரலாறு. 1989-இல் கான்பெரா நகரில் தோன்றிய ஆசிய-பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு ஸ்தாபனத்தை ஏபெக் என்று சுருக்கமாய் அழைப்பது வழக்கம். அதில் இருபத்தோர் அங்கத்தினர்கள் உண்டு. அங்கத்தினரைத் தேசங்கள் என்று சொல்லாமல் பொருளாதாரங்கள் என்றே சொல்லுவார்கள். ஹாங்காங்கும் தைவானும் சீனத்துடன் ஒரே மேஜையில் உட்காரக் கண்டுபிடித்த தந்திரம் அது! 1997-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலியா, தென் கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்றும் பரீக்ஷார்த்தமாக இந்தக் கார்டை ஆரம்பித்தன. வர்த்தகர் ஒருவர் தம் சொந்த சர்க்காரிடமே மனுச் செய்துகொள்ளுகிறார். அந்த சர்க்கார் அவரைப் பற்றி விசாரித்துத் திருப்தியடைந்து, மற்ற அங்கத்தினர்களுக்கு விவரங்களை அனுப்புகிறது. அவர்கள் தனித்தனியே பரிசீலித்துச் சம்மதம் தெரிவித்த பின்பு, சம்மதித்த நாடுகளின் பெயர்கள் கார்டின் பின்புறத்தில் அச்சாகின்றன. அந்த நாடுகளுக்கு அவர் தனித்தனி விசா வாங்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் அறுபது அல்லது தொண்ணூறு நாள் தங்கி வியாபாரக் காரியங்களைப் பார்க்கலாம். விமான நிலையத்தில் தனி வரிசையும் உண்டு. பாஸ்போர்ட்டின் இடத்தை இது எடுத்துக்கொள்வதில்லை. இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். மூன்று வருஷமாயிருந்த கார்டின் ஆயுள் 2015-இல் ஐந்து வருஷமாக உயர்ந்தது. 2021 முதல் கைத் தொலைபேசியிலேயே காட்டத்தக்க கார்டும் வந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டில் அமெரிக்காவின் நிலைமை விசித்திரமானது. அது முழு அங்கத்தினராகச் சேரவில்லை. கனடாவும் அதைப் போலவே. இவ்விரண்டு நாடுகளும் விசாவை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை. மற்றவர்களின் கார்டைக் கொண்டு வருபவர்களுக்குத் தனி வரிசை மட்டும் கொடுப்போம் என்றன. அதற்கு ஈடாக அமெரிக்கக் கார்டு பெற்றவருக்கும் பிற நாடுகளில் வரிசை மட்டுமே கிடைக்கும். விசா வேண்டிய நாட்டுக்கு விசா வாங்கியே தீர வேண்டும். வரிசைக்கு வரிசை, விசாவுக்கு விசா என்ற இந்த ஒப்பந்தத்தில் நாம் குறை காணவில்லை. கொடுக்க மனமில்லாததைக் கேட்காமலிருப்பதும் ஒரு நேர்மைதான். விசா விலக்கு என்பது அமெரிக்காவில் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்ட விஷயம். 1986-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்த நிபந்தனைகளுக்குட்பட்டு, குறிப்பிட்ட நாட்டுப் பிரஜைகளுக்கே அது கிடைக்கிறது. அதை ஒரு கார்டின் பின்புறத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிட மந்திரிகளுக்கு அதிகாரமில்லை.

ஆனால் 2011-க்கு முன் இருந்த நிலைமையோ நகைப்புக்கிடமானது. சிட்னி வர்த்தகர் தம் கார்டைக் காட்டி லாஸ் ஏஞ்சல்ஸில் தனி வரிசையில் நடந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் வர்த்தகரோ சிட்னியில் பொது வரிசையில் நின்றார். அவருடைய சர்க்கார் அவருக்குக் கொடுக்க ஒரு கார்டு இல்லை! பசிபிக் சமுத்திரத்தை நோக்கியுள்ள வாஷிங்டன் ராஜ்யத்தின் பிரதிநிதியான மேரியா கான்ட்வெல் அம்மையார் செனேட்டில் கொண்டுவந்த மசோதா இக்குறையைத் தீர்த்தது. ஏபெக் தலைவர்கள் ஹொனலூலுவில் கூடியிருந்த சமயத்தில், 2011 நவம்பர் 12-ஆம் தேதி, ஜனாதிபதி ஒபாமா அதில் கையெழுத்திட்டார். 2014 ஜூன் மாதத்தில் மனுக்கள் வாங்க ஆரம்பித்தார்கள். கட்டணம் எழுபது டாலர்.

சட்டம் செய்த முறையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். திட்டத்தின் செலவு முழுவதையும் கார்டு வாங்குவோர் கொடுக்கும் கட்டணமே ஈடு செய்ய வேண்டும்; பொது ஜனங்களின் வரிப் பணத்தில் வர்த்தகருக்குச் சௌகரியம் செய்து கொடுக்கலாகாது என்பது ஒரு விதி. 2018 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு அதிகாரம் முடிந்துவிடும் என்பது மற்றொன்று. அதாவது, ஒரு சௌகரியத்தைக் கேட்டு வந்த சர்க்காரிடம், சில வருஷம் நடத்திக் காட்டிவிட்டு மறுபடியும் வா என்று சட்டசபை சொல்லியனுப்பிற்று. அவ்விதமே மறுபடியும் வந்தபோது, ஹவாய் ராஜ்யத்தின் பிரதிநிதி மேஸி ஹிரோனோ அம்மையாரின் மசோதாவின் மூலம் 2017 நவம்பர் 2-ஆம் தேதி அதற்கு நிரந்தர ஆயுள் கிடைத்தது. இந்த அம்மையார் ஜப்பானில் பிறந்து, சிறுமியாய்த் தாயுடன் ஹவாய்க்கு வந்து குடியேறியவர். 1924-ஆம் வருஷம் முதல் 1952 வரை ஜப்பானியரின் குடியேற்றத்துக்கு அமெரிக்கச் சட்டம் கதவடைத்து வைத்திருந்ததை நினைத்துப் பார்த்தால், அந்தப் பெயர் இந்த மசோதாவின் தலைப்பில் வந்தது காலத்தின் மாறுதல்தான்.

இவ்வளவும் நன்று. எங்கே நமக்குச் சந்தேகம் பிறக்கிறதென்றால், இந்தக் கார்டு அஸ்திவாரமின்றித் தொங்குகிறது என்பதில்தான். 2017-ஆம் வருஷத்துச் சட்டப்படி, உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகா நடத்தும் நம்பிக்கைப் பிரயாணிகள் திட்டம் ஒன்றில் நல்ல நிலையில் அங்கத்தினராயிருப்பவருக்கே கார்டு கிடைக்கும். குளோபல் என்ட்ரி, நெக்ஸஸ், சென்ட்ரி என்பவை அத்திட்டங்களின் பெயர்கள். கைரேகை கொடுத்து, நேரில் விசாரணைக்கு உட்பட்டு, குற்றமற்றவர் என்று தெரிந்த பின்பே அவற்றில் சேரலாம். அதில் சேர்ப்பதும் நீக்குவதும் இலாகாவின் இஷ்டம். அந்த இஷ்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 2020-ஆம் வருஷத்தில் நியூயார்க் ராஜ்யத்தார் கண்டுகொண்டார்கள்.

அந்தக் கதை நமது வாசகர்கள் நன்கு அறிய வேண்டியது. நியூயார்க் ராஜ்யத்துச் சட்டசபை 2019-இல், குடியேற்றத்துக்குரிய பத்திரங்கள் இல்லாதவர்களும் மோட்டார் ஓட்டும் லைசென்ஸ் பெறலாமென்றும், லைசென்ஸ் இலாகாவின் தஸ்தாவேஜுகளைக் குடியேற்ற அதிகாரிகளுக்குக் காட்டலாகாதென்றும் ஒரு சட்டம் செய்தது. அச்சட்டம் சரியா தவறா என்பது இங்கே கேள்வியல்ல. அதைக் கண்டு கோபங்கொண்ட மத்திய சர்க்கார் 2020 பிப்ரவரி மாதத்தில், நியூயார்க்கில் வசிப்பவர் எவரும் இனி இந்த நம்பிக்கைத் திட்டங்களில் சேரவோ புதுப்பித்துக்கொள்ளவோ முடியாது என்று உத்தரவிட்டது. அந்தப் பிரயாணிகளின் மேல் ஒரு குற்றமும் சாட்டப்படவில்லை. அவர்களுடைய ராஜ்யம் மத்திய சர்க்காருக்குப் பிடிக்காத சட்டம் ஒன்றைச் செய்தது என்பதே காரணம். நம்பிக்கைத் திட்டத்தின் கதவு அடைபட்டபோது, அதன் வழியாய் மட்டுமே கிடைக்கக்கூடிய வர்த்தகர் கார்டின் கதவும் புதிதாய் விரும்புவோருக்கு அடைபட்டது என்று சொல்ல வேண்டுவதில்லை. நியூயார்க் ராஜ்யம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஐந்து மாதத்துக்கு மேல் வாதாடிய பிறகு, வேறு ராஜ்யங்களைக் குறித்துத் தாங்கள் கோர்ட்டில் கூறியவை சரியல்ல என்று சர்க்கார் தரப்பு வக்கீல்களே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2020 ஜூலை மாதத்தில் தடையும் நீங்கிற்று. வழக்கு நடத்த ஒரு ராஜ்யமே முன்வந்ததால் நீங்கிற்று. தனி மனிதன் ஒருவனுக்கு இது நேர்ந்திருந்தால், எழுபது டாலர் கார்டுக்காக அவன் எத்தனை மாதம் கோர்ட்டில் நின்றிருப்பான்?

கொடுத்தவர் கோபித்துக்கொண்டால் போய்விடுவது சலுகை. கொடுத்தவர் கோபித்துக்கொண்டாலும் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருப்பது உரிமை. அமெரிக்கச் சட்டம் வர்த்தகருக்குக் கொடுத்தது முன்னதே.

இனி, வர்த்தகரென்பவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். ஏபெக் விதிகளின்படி, பொருள் வியாபாரம், தொழில் சேவை, மூலதனம் ஆகியவற்றின் நிமித்தம் பிரயாணம் செய்பவரே வர்த்தகர். அவருடைய மனைவி மக்கள் அதில் சேரார். தொழில்முறை விளையாட்டுக்காரர், சங்கீத வித்வான், நடிகர், பத்திரிகை நிருபர் ஆகியோரும் சேரார். எங்கள் தொழிலை எந்த சர்க்காரின் வாசற்காரரும் விரும்புவதில்லையாதலால் இதில் நமக்கு ஆச்சரியமில்லை. கூலி வேலைக்குச் செல்பவனைப் பற்றிப் பேச்சே கிடையாது.

தொழிலாளியைத் தடுத்து வியாபாரிக்கு வழிவிடும் வழக்கம் அமெரிக்கச் சட்டத்தில் புதிதன்று. 1882-ஆம் வருஷத்தில் சீனத் தொழிலாளிகளின் வருகையைத் தடுத்து இயற்றிய சட்டம், வியாபாரி, ஆசிரியர், மாணவர், யாத்திரிகர் ஆகியோருக்கு விலக்கு அளித்தது. விலக்குப் பெற்றவர் அச்சட்டத்தின் ஆறாம் பிரிவின்படி தம் சர்க்காரிடமிருந்து ஒரு ஸர்ட்டிபிகேட் வாங்கி வர வேண்டும். சொந்த சர்க்காரே தன் பிரஜையை விசாரித்துப் பத்திரம் கொடுக்க, அந்தப் பத்திரத்தைக் காட்டி அயல்நாட்டு வாசலில் நுழைவது என்ற இந்த முறைதான், கடுமை நீங்கி மரியாதை சேர்ந்து, இன்றைய கார்டாக வந்திருக்கிறது. 1893-இல் விதி மேலும் இறுகிற்று. அமெரிக்காவில் கடை வைத்திருந்த சீன வியாபாரி ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால், தாம் வியாபாரிதான் என்பதை நிரூபிக்க இரண்டு நம்பத் தகுந்த சாட்சிகள் வேண்டும்; அச்சாட்சிகள் சீனராயிருத்தலாகாது! பத்து வருஷம் பக்கத்துக் கடையில் இருந்தவன் சாக்ஷி சொல்ல யோக்கியதை அற்றவன். வெள்ளையர் இருவர் வந்து சொன்னால் நம்புவார்கள். சட்டத்தில் விலக்கு இருந்தும் துறைமுகத்தில் பட்ட அவமானத்தைப் பொறாமல், 1905-ஆம் வருஷத்தில் ஷாங்காய் வர்த்தகர்கள் அமெரிக்கச் சாமான்களைப் பகிஷ்கரித்தார்கள். நமது வங்காளத்தில் சுதேசி இயக்கமும் பகிஷ்காரமும் தோன்றிய அதே வருஷம், ஏறக்குறைய அதே மாதங்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அப்போது தம் அதிகாரிகளுக்கு, விலக்குப் பெற்ற சீனரை மரியாதையாய் நடத்த வேண்டுமென்று உத்தரவிட நேர்ந்தது. அந்தச் சட்டம் முற்றிலும் ரத்தானது 1943-இல்.

இந்தியருக்கும் அதே கதிதான். 1917-ஆம் வருஷத்துச் சட்டம் ஆசியாவின் பெரும் பகுதியைத் தடுக்கப்பட்ட பிரதேசமென்று வகுத்து, நம் நாட்டையும் அதற்குள் அடக்கிற்று. அதிலும் வியாபாரிக்கு விலக்கு உண்டு; வக்கீலுக்கும் உண்டு. வயலில் வேலை செய்யப் போன பஞ்சாபிக்கு இல்லை. 1946-இல்தான் வருஷத்துக்கு நூறு இந்தியர் குடியேறலாமென்று அந்நாட்டார் மனமிரங்கினார்கள்.

இன்று இந்தக் கார்டு இந்திய வர்த்தகருக்குக் கிடையாது. காரணம், இந்தியா ஏபெக்கில் அங்கம் பெறவில்லை. 1991-ஆம் வருஷத்திலேயே நம் சர்க்கார் இடம் கேட்டது. 1997-இல் அந்த ஸ்தாபனம் பெரு, ரஷ்யா, வியட்நாம் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்துவிட்டு, பத்து வருஷத்துக்குப் புது அங்கத்தினர் வேண்டாமென்று கதவைச் சாத்திற்று. பத்து வருஷம் முடிந்து வெகு காலமாகியும் நமக்கு அது திறக்கவில்லை. 2015 ஜனவரியில் ஜனாதிபதி ஒபாமா டில்லிக்கு வந்திருந்தபோது, ஏபெக்கில் சேர இந்தியா காட்டும் ஆர்வத்தை வரவேற்பதாக ஓர் அறிக்கை வந்தது. வரவேற்பு அறிக்கையோடு நின்றது. இதன் விளைவாக, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கடை நடத்தும் தமிழ் வர்த்தகர் அந்நாட்டுப் பிரஜையாயிருந்தால் இந்தக் கார்டைப் பெற்று ஜகார்த்தாவுக்கும் மனிலாவுக்கும் போய்வரலாம். காரைக்குடியிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ செல்லும் அவருடைய உறவினர் ஒவ்வொரு நாட்டுக்கும் அந்தந்த நாட்டு விதிப்படி அநுமதி பெற்றுச் செல்ல வேண்டும்.

நம்முடைய சொந்த ஏற்பாடுகளும் இல்லாமலில்லை. தென்னாசிய நாடுகளின் சார்க் ஸ்தாபனம் 1992-இல் விசா விலக்குத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அதில் வர்த்தகருக்கு இடமுண்டு. பத்திரிகைக்காரருக்கும் விளையாட்டுக்காரருக்கும்கூட இடமுண்டு என்பதால், ஏபெக்கைவிட அது தாராளமானதென்றே சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பின்பு நம் சர்க்கார் பாகிஸ்தானியருக்கு அத்திட்டத்தின் சலுகையை ரத்து செய்தது. இத்தகைய பத்திரங்கள் ராஜ்யங்களுக்குள் உள்ள உறவைப் பொறுத்தே உயிர் வாழ்கின்றன என்பதற்கு வேறு சாக்ஷி வேண்டாம். 2017 முதல் இந்தியப் பிரஜைகளும் அமெரிக்காவின் குளோபல் என்ட்ரி திட்டத்தில் சேரலாமென்று ஏற்பட்டது. 2024 ஜூன் மாதத்தில் டில்லி விமான நிலையத்திலும், 2025 ஜனவரியில் சென்னை, மும்பை, கொச்சி முதலிய ஏழு நிலையங்களிலும் நம் உள்நாட்டு மந்திரி விரைவு வாசல்களைத் திறந்து வைத்தார். இந்தியப் பிரஜைகளும், வெளிநாட்டு இந்தியப் பிரஜை என்ற பத்திரம் பெற்றவர்களும் முன்னரே பதிவு செய்துகொண்டு, முகத்தையும் கைரேகையையும் காட்டி, யந்திரக் கதவின் வழியாய்ப் போய்வரலாம். கட்டணமில்லை, வர்த்தகர், வர்த்தகரல்லாதார் என்ற பேதமும் இல்லை. இந்த இரண்டு அம்சங்களிலும் இது அமெரிக்கக் கார்டைவிட மேலானது.

இதற்கு மேல் இன்னொன்று வேண்டும் என்கிறோம். அதற்கு ஆதாரம் நம் நாட்டிலேயே இருக்கிறது; அதுவும் ஒரு வர்த்தகரின் வழக்கிலேயே இருக்கிறது. மோட்டார் உறுப்புகள் செய்து ஏற்றுமதி இறக்குமதி வியாபாரம் நடத்திய சத்வந்த் சிங் ஸாஹ்னி என்பவரின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். அக்காலத்தில் இந்தியப் பிரஜைக்குப் பாஸ்போர்ட் கொடுப்பதையும் மறுப்பதையும் ஒழுங்கு செய்யும் சட்டமே கிடையாது. அது சர்க்காரின் கருணை என்றே அதிகாரிகள் வாதித்தார்கள். 1967 ஏப்ரல் மாதத்தில் பிரதம நீதிபதி சுப்பா ராவ் தலைமையில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மூவர் ஒரு பக்கம், இருவர் மறு பக்கம். அயல்நாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் சுதந்திரத்தில் அடங்கியது. சட்டமின்றி அதைப் பறிக்க முடியாது என்று பெரும்பான்மையோர் கூறினார்கள். அந்த ஜூன் மாதத்துக்குள் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். மேலதிகாரியிடம் அப்பீல் உண்டு என்ற விதிகள் வந்தன. பத்து வருஷங்களுக்குப் பின்பு, ஒரு பத்திரிகையின் ஆசிரியராயிருந்த மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பறித்த அதிகாரிகள் காரணம் சொல்ல மறுத்தபோது, 1978 ஜனவரித் தீர்ப்பு அந்த உரிமையை இன்னும் அகலமாக்கிற்று.

அமெரிக்காவில் வர்த்தகருக்காகச் செய்த சட்டம் வர்த்தகருக்கு ஒரு வரிசையைக் கொடுத்தது. இந்தியாவில் வர்த்தகர் ஒருவர் நடத்திய வழக்கு, பாஸ்போர்ட் கேட்கும் ஒவ்வொரு பிரஜைக்கும் ஓர் உரிமையைக் கொடுத்தது. நம் தேசத்தார் பின்பற்ற வேண்டியது எது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

விரைவு வாசல் விஷயத்தில், ஒருவரைப் பதிவு செய்ய மறுத்தாலும், பதிவு செய்தவரை நீக்கினாலும், பாஸ்போர்ட் சட்டத்தில் உள்ளதைப் போலவே எழுத்து மூலமான காரணமும் அப்பீலும் வேண்டும். அதைப் பார்லிமெண்டே சட்டமாகச் செய்ய வேண்டும். இலாகாவின் சுற்றறிக்கை போதாது. கைரேகையும் முகச் சித்திரமும் எத்தனை காலம் யாரிடத்தில் இருக்கும், எந்த அயல் சர்க்காருக்குப் போகும் என்பதும் அச்சட்டத்தில் இருக்க வேண்டும். நாளைக்கு ஏபெக் கதவு நமக்குத் திறந்து, நம் வர்த்தகரின் விவரங்கள் இருபது சர்க்கார்களுக்குப் போகும்போது இக்கேள்வியை எழுப்பினால் காலம் கடந்திருக்கும்.

கடைசியாக, தொழிலாளி. 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்தல் சட்டத்தின் கீழ், அதிகம் படிக்காத தொழிலாளி சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் சர்க்காரின் தனி அநுமதி பெற வேண்டும் என்று ஏற்பட்டது. ஏஜெண்டுகள் அவனை ஏமாற்றாமல் காப்பதே அதன் நோக்கம், நல்ல நோக்கமே. ஆனால் படித்தவனின் பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு முத்திரை அவனுடைய பாஸ்போர்ட்டில் ஏறிற்று. யந்திரக் கதவு அவனுக்கும் திறக்குமா என்பதைச் சென்னை நிலையத்தில் வளைகுடா விமானத்துக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கைரேகை எல்லோருக்கும் உண்டு. கட்டணமில்லாத அந்த வாசலில் அவனைப் பதிவு செய்ய உத்தியோகஸ்தர்கள் அவன் ஊருக்கே போகட்டும். ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் பதிவு நிலையங்கள் வைக்கட்டும். மந்திரி சபையார் இதற்கு விடை சொல்லும்படி நம் பார்லிமெண்ட் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்திலேயே கேள்வி எழுப்புவார்களென்று எதிர்பார்க்கிறோம்.